ஸ்டெப்னியும் ஒரு பேக்கப்தான்! எல்.எஸ்.டி. கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

கம்ப்யூட்டர் இதழில் கார் டயரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது போன்ற இதழ்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை, பேக்கப் எடுத்து வையுங்கள் என்பது. எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அந்த பேக்கப் பைல் திறக்கிறதா, உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிறதா என்றும் ஒரு முறை சோதித்துப் பார்த்திட வேண்டும். இல்லை என்றால் ஹார்ட் டிஸ்க் படுத்த அன்றுதான் அந்த சி.டி.யில் ஒன்றுமே பதிவாகவில்லை என்பது தெரிய வரும்.

காரில் நாம் சுமந்து செல்லும் பேக்கப், ஸ்டெப்னி. இதையும் பலர் சோதிப்பதில்லை. காற்று இருக்கிறதா என்று கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதோடு சரி. சாதாரணக் கார்களில் அந்த அளவுக்கு மேல் பெரிய ஆபத்து இல்லை என்று விட்டுவிடலாம். ஆனால், லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி., உள்ள வண்டிகளில் அப்படி விட முடியாது. அந்த வண்டிகளில் ஸ்டெப்னியின் சுற்றளவு, அதே அச்சில் மறுபக்கம் ஓடும் டயரின் சுற்றளவோடு பொருந்த வேண்டும். பொருந்தாத ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு தொலைதூரம் ஓட்டினால் டிபரன்ஷியல் கெடும். மழையில் வண்டி வாலை ஆட்டும். வண்டியை விற்பவர்கள் இதை வாங்குபவரிடம் சொல்வதே இல்லை என்பதுதான் என் குறை. இதைச் சரி பார்க்க மெக்கானிக் வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஓர் எக்ஸெல் ஒர்க் ஷீட்டும் இருந்தால் பத்து நிமிட வேலை.

நான் இருப்பது விராலிமலையில். திருச்சி - மதுரை நான்கு வழிச் சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. முன்பு 45பி என்று அழைக்கப்பட்டது. இப்போது தேசிய நெடுஞ்சாலை 38. வடக்கே திருச்சி சுமார் 30 கிலோமீட்டர். தெற்கே மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஊரைச் சுற்றி ஃபவுண்டரி முதல் உணவுப் பொருள் வரை தொழிற்சாலைகள் வந்துவிட்டதால் இரவிலும் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். இலுப்பூர் சாலையிலும் மணப்பாறை சாலையிலும் இருட்டில் பஞ்சர் ஆனால் கடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டும். (மயில்கள் வேறு. திடீரென்று குறுக்கே பறந்து வந்து நம்மைச் சாலை ஓரத்து ஜல்லியில் இறக்கிவிடும்.) எனவே இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்டெப்னி என்பது டிக்கியை அலங்கரிக்கும் பொருள் அல்ல.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஆரம்ப காலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். 1904-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், லனெல்லி என்னும் ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர், டயர் மாட்டிய ஒரு வெறும் வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் இறுக்கி ஓட்டிச் செல்லும் முறையைக் கண்டுபிடித்தார். அவரது நிறுவனம் இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. மாற்றுச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்து போய்விட்டது. நம் ஊர் பஞ்சர் கடைகளில் இன்றும் வாழ்கிறது.

இனி டிபரன்ஷியல். நம் ஊர் மெக்கானிக்குகள் கிரவுன் என்றும் சொல்வார்கள். கார் ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். விராலிமலைக் குன்றைச் சுற்றி வரும்போது மலையை ஒட்டி நடப்பவரையும் சாலையின் வெளி ஓரத்தில் நடப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தோளோடு தோள் வர வேண்டுமானால் வெளியே நடப்பவர் எட்டிப் போட வேண்டும். எஞ்சினில் இருந்து வரும் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழல அனுமதிப்பதுதான் டிபரன்ஷியலின் வேலை. நேர் சாலையில் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். அப்போது உள்ளே உள்ள சிறு பற்சக்கரங்கள் தங்களுக்குள் சுழலாமல் சும்மா இருக்கும்.

சாதாரண டிபரன்ஷியலில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் சுற்றும். தரையில் உள்ள சக்கரம் அசையாது. மழைக்குப் பிறகு கண்மாய்க் கரையில் கார் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். டிராக்டரில் இதற்கென்று ஒரு பெடல் இருக்கிறது. அதை மிதித்தால் இரண்டு பின் சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டப்பட்டுச் சேர்ந்து சுழலும். சேற்றைத் தாண்டியதும் காலை எடுத்துவிட வேண்டும். பூட்டியபடியே தார் ரோட்டில் திருப்பினால் என்ன ஆகும் என்று எந்த டிராக்டர் டிரைவரையும் கேட்டுப் பாருங்கள்.

எல்.எஸ்.டி. என்பது இந்தப் பூட்டுக்கும் சாதாரண டிபரன்ஷியலுக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. இரண்டு சக்கரங்களின் வேகம் கொஞ்சம் வேறுபட்டால் பொறுத்துக்கொள்ளும். அதிகம் வேறுபட்டால் தடுக்கும். 1930-களில் ஜெர்மனியின் பந்தயக் கார்களில் பயன்பட்டது. 1956-ல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் பொதுமக்கள் வாங்கும் கார்களில் கொடுத்தது. நம் நாட்டில் 2021-ல் வந்த மகிந்திரா பொலிரோ நியோவின் ஒரு வகையில் மல்ட்டி டெரெய்ன் டெக்னாலஜி என்ற பெயரில் பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிபரன்ஷியல் வருகிறது. தாரின் சில வகைகளிலும் உண்டு. இவை கண்டிப்பாகச் சொன்னால் எல்.எஸ்.டி.யின் அடுத்த வீட்டுக்காரர்கள். ஸ்டெப்னி விஷயத்தில் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருவோம். பின் அச்சில் இடது பக்கம் ஒரு சுற்றளவு, வலது பக்கம் வேறு சுற்றளவு என்று டயர்கள் இருந்தால், கார் நேராகப் போனாலும் சிறிய டயர் அதிக முறை சுற்ற வேண்டும். டிபரன்ஷியலுக்குக் கண் கிடையாது. சுழற்சி வேறுபாட்டை மட்டுமே அது அறியும். எனவே, கார் திரும்பிக்கொண்டே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் திருச்சிக்கு நேராகப் போய்க்கொண்டிருப்பீர்கள். டிபரன்ஷியலோ மலையைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு பெரிய மலை என்று கணக்கிட்டுவிடலாம். கம்ப்யூட்டரில் எக்ஸெல் திறந்திடவும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். டயரின் பக்கச் சுவரில் 215/75 ஆர்15 என்பது போல் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மூன்று அளவுகளை மூன்று வெவ்வேறு கணக்கில் தருவது யாருடைய யோசனையோ தெரியவில்லை. உலகம் முழுதும் இப்படித்தான்.

ஏ1 செல்லில் 215, பி1 செல்லில் 75, சி1 செல்லில் 15 என டைப் செய்திடவும். டி1 செல்லில் =சி1*25.4+2*ஏ1*பி1/100 என்ற பார்முலாவை அமைத்திடவும் (செல்லின் பெயரில் உள்ள எழுத்துகளை ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும்). என்டர் தட்டினால் 703.5 எனக் கிடைக்கும். இது டயரின் முழு விட்டம், மில்லிமீட்டரில். இ1 செல்லில் =டி1*3.1416 என அமைத்தால் சுற்றளவு சுமார் 2210 மி.மீ. எனத் தெரியும். எஃப்1 செல்லில் =1000000/இ1 என்று கொடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அந்த டயர் எத்தனை முறை சுற்றும் என்பது வந்துவிடும். இங்கே சுமார் 452.5. வண்டியின் எடையில் டயர் சற்று அமுங்கும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். இரண்டு டயர்களை ஒப்பிடுவதற்கு இந்தக் கணக்கு போதும்.

இப்போது, அதே அளவுள்ள டயர் நன்கு ஓடி, பட்டன் 8 மில்லிமீட்டரில் இருந்து 3 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 10 மி.மீ. குறையும். டி2 செல்லில் 693.5 என டைப் செய்து, மற்ற பார்முலாக்களைக் கீழே இழுத்து காப்பி செய்திடுங்கள். கிலோமீட்டருக்கு 459 சுற்று. வித்தியாசம் ஆறரைச் சுற்று. இங்கிருந்து திருச்சி போய்ச் சேருவதற்குள் ஏறத்தாழ 195 சுற்றுகள் ஒரு சக்கரம் மற்றதை விட அதிகம் ஓடியிருக்கும். சதவீதத்தில் 1.4. வண்டியின் இரு சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று கொண்டால், இது சுமார் 105 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்தில் சுற்றுவதற்குச் சமம். இடைவெளியை வித்தியாசத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். இவ்வளவும், ஒரே கம்பெனி, ஒரே அளவு என்று நாம் நிம்மதியாக நம்பிக்கொண்டிருக்கும் புதிய ஸ்டெப்னிக்கும் தேய்ந்த டயருக்கும் உள்ள வேறுபாடு!

சிறிய, தற்காலிக ஸ்டெப்னி என்றால் கதையே வேறு. 205/55 ஆர்16 டயர் ஓடும் அச்சில், 125/80, 15 அங்குல மெல்லிய ஸ்டெப்னியை மாட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குக்காகப் போட்டுப் பாருங்கள். முதலாவது விட்டம் 631.9 மி.மீ. இரண்டாவது 581. கிலோமீட்டருக்கு 44 சுற்று வித்தியாசம். டிபரன்ஷியல் சுற்றும் வட்டத்தின் ஆரம் 18 மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது.

ரிம் அளவு வேறாக இருப்பதைப் பார்த்து மட்டும் பயப்படவும் வேண்டாம். மாருதி ஸ்விஃப்ட், டிசையர் கார்களின் உயர் வகைகள் சிலவற்றில் ஓடும் டயர் 185/65 ஆர்15. டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி 165/80 ஆர்14. 15-க்குப் பதில் 14 கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒர்க் ஷீட்டில் போட்டால் விட்டம் 621.5, 619.6 என்று வரும். இரண்டு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை. டயரின் அகலம் குறைவு என்பதால் பிடிமானம் குறையும்; வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால், சுற்றளவைப் பார்த்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தவிர இவை முன் சக்கர இயக்கம் உள்ள, சாதாரண டிபரன்ஷியல் கார்கள்.

இங்கே இன்னொரு தவறான கருத்தையும் சொல்ல வேண்டும். டயர் அளவில் மூன்று சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று டயர் கடைகளிலும் இன்டர்நெட்டிலும் சொல்வார்கள். இந்த மூன்று சதவீதம், நான்கு டயர்களையும் ஒரே நேரத்தில் வேறு அளவுக்கு மாற்றுபவர்களுக்கானது. ஸ்பீடோமீட்டர் அதிகம் தவறாகக் காட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. ஒரே அச்சில் இடது டயருக்கும் வலது டயருக்கும் மூன்று சதவீதம் வேறுபடலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த ஒரு விதியை இடம் மாற்றிப் பயன்படுத்துவதால்தான் பாதிக் குழப்பம்.

கம்ப்யூட்டரில் வேறு வேறு வேகமுள்ள இரண்டு ராம் கார்டுகளைச் செருகினால், பொதுவாக மதர்போர்டு இரண்டையும் வேகம் குறைந்த கார்டின் வேகத்தில் இயக்கி வேலையை முடித்துவிடும். டிபரன்ஷியலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது எப்படிப் பாதிக்கப்படும் என்பது வகையைப் பொறுத்தது. சாதாரண டிபரன்ஷியலில் உள் பற்சக்கரங்கள் இடைவிடாமல் சுழலும்; பஞ்சர் கடை வரை போவதற்கு அது தாங்கும். கிளட்ச் தகடு வகை எல்.எஸ்.டி.யில் தகடுகள் ஓடும் நேரம் முழுவதும் ஒன்றோடு ஒன்று உரசும். வெப்பம் ஏறும், ஆயில் கெடும், தகடு தேயும். தேய்ந்த பிறகு அது எல்.எஸ்.டி.யே அல்ல, விலை அதிகமான சாதாரண டிபரன்ஷியல். சிலிகான் திரவம் நிரப்பிய வகையில் அந்தத் திரவமே சூடேறிக் கெட்டியாகும். நம் ஜீப்புகளில் வரும் ஈட்டன் நிறுவனத்தின் பூட்டும் வகை சற்றுப் பொறுமைசாலி. இரண்டு சக்கரங்களுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுகள் வித்தியாசம் வந்தால்தான் அது பூட்டும். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் பூட்டாது. மேலே பார்த்த சிறிய ஸ்டெப்னியில் கூட 80 கி.மீ. வேகத்தில் வித்தியாசம் 59 சுற்றுதான். எனவே ஓடும்போது பட்டென்று பூட்டிக்கொள்ளும் என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். ஆனால், அதன் உள்ளேயும் தகடுகள் உண்டு, அவையும் உரசும்.

இன்னும் சில கார்களில் எலக்ட்ரானிக் எல்.எஸ்.டி. என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அவற்றுள் பல, வழுக்கும் சக்கரத்தை பிரேக் மூலம் பிடித்து நிறுத்தும் சாப்ட்வேர் மட்டுமே. உள்ளே இருப்பது சாதாரண டிபரன்ஷியல். பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம்.

தேய்மானம் பணத்தோடு போகும். மழையில் நடப்பது அப்படி அல்ல. தகடு வகை எல்.எஸ்.டி., வேகமாகச் சுற்றும் சக்கரத்தின் சக்தியைக் குறைத்து மெதுவாகச் சுற்றும் சக்கரத்துக்குக் கொடுக்கும். சிறிய ஸ்டெப்னி வேகமாகச் சுற்றும்; பெரிய டயர் மெதுவாகச் சுற்றும். ஆகவே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பெரிய டயர் உள்ள பக்கம் அதிகமாகத் தள்ளும். வண்டி ஸ்டெப்னி இருக்கும் பக்கமாக இழுக்கும். காய்ந்த சாலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சமாளித்துவிடலாம். ஐப்பசி மழையில், நான்கு வழிச் சாலையில், பின்னால் லாரி வரும்போது அது சிறிய விஷயம் இல்லை.

என்ன செய்யலாம்? எல்.எஸ்.டி. இருக்கும் அச்சில் பஞ்சர் ஆனால், பொருந்தாத ஸ்டெப்னியை அங்கே மாட்டாமல், எஞ்சின் இயக்காத மறு அச்சுக்கு அனுப்பிவிடலாம். பின் சக்கர இயக்கம் உள்ள வண்டியில் பின் டயர் பஞ்சர் என்றால், முதலில் முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள். கழற்றிய முன் சக்கரத்தைப் பின்னால் கொண்டு போய்ப் பஞ்சரான இடத்தில் மாட்டுங்கள். இரண்டு முறை ஜாக்கி போட வேண்டும். இருபது நிமிடம் கூடும். சிறிய ஸ்டெப்னி சில கார்களின் முன் பிரேக்கில் இடிக்கும். சில கம்பெனிகள் முன்னால் மாட்டவே கூடாது என்று எழுதியிருக்கும். ஆகவே உங்கள் வண்டியின் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். எளிய வழியில் மாட்டிக்கொண்டு, மெதுவாக அருகில் உள்ள ஊருக்குள் போய், விளக்கு வெளிச்சத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். தார் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டி என்றால், அந்த நேரத்தில் தார் ரோட்டில் இரு சக்கர இயக்கத்திலேயே ஓட்டுங்கள்.

மெல்லிய ஸ்டெப்னிகளின் மேல் பொதுவாக 80 கி.மீ. வேக எல்லையும், 60 பி.எஸ்.ஐ. காற்று என்றும் எழுதியிருக்கும். வழக்கமான 30, 33 என்று பஞ்சர் கடைப் பையன் நிரப்பிவிடுவான். கவனியுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று ஜாக்கி. சாதாரணக் காரில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓடவிட்டு கியர் போட்டால், தூக்கிய சக்கரம் மட்டும் காற்றில் சுற்றும். ரிம் வளைந்திருக்கிறதா, பேரிங் சத்தம் வருகிறதா என்று பார்க்க ஒர்க் ஷாப்புகளில் இப்படிச் செய்வது வழக்கம். எல்.எஸ்.டி. வண்டியில் இதைச் செய்யவே கூடாது. ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றுவதைக் கண்டதும் எல்.எஸ்.டி. தன் வேலையைச் செய்யும். தரையில் உள்ள சக்கரத்துக்குச் சக்தி போகும். வண்டி ஜாக்கியில் இருந்து குதித்து ஓடும். பூட்டும் வகையில் இது இன்னும் உறுதி. ஆளை நசுக்கக்கூடிய விபத்து இது. வண்டியை ஒர்க் ஷாப்பில் விடும்போது, இது எல்.எஸ்.டி. வண்டி, பின்னால் தூக்குவதானால் இரண்டு சக்கரத்தையும் தூக்குங்கள் என்று நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒர்க் ஷாப் பையனுக்கு அது எல்.எஸ்.டி. என்று வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது.

காரில் உள்ள கம்ப்யூட்டர் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்காக நான்கு சக்கரங்களிலும் வேகம் அளக்கும் சென்சார்கள் உள்ளன. நாம் எக்ஸெல்லில் போட்ட அதே கணக்கை அது ஓடும்போதே போட்டுக்கொண்டிருக்கும். சில கார்கள், ஒரு டயர் மற்றவற்றை விட அதிகம் சுற்றினால் காற்று குறைந்துவிட்டது என்று புரிந்துகொண்டு விளக்கை எரியவிடும். சிறிய ஸ்டெப்னி மாட்டினாலும் அதே விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் எரிச்சலடையாதீர்கள். கம்ப்யூட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால், எந்திர வகை எல்.எஸ்.டி.யின் மேல் இந்தக் கம்ப்யூட்டருக்கு அதிகாரம் இல்லை. எச்சரிக்கலாம், அவிழ்த்துவிட முடியாது. சுபரு நிறுவனம் தன் பழைய ஆட்டோமேட்டிக் நான்கு சக்கர இயக்கக் கார்களில் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருந்தது. தற்காலிக ஸ்டெப்னியை மாட்டினால், எஞ்சின் அறையில் உள்ள ஓர் இடத்தில் ஒரு ஃபியூஸைச் செருக வேண்டும். பின் சக்கர இயக்கம் துண்டிக்கப்பட்டு வண்டி முன் சக்கரத்தில் மட்டும் ஓடும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள நம் உறவினர்கள் சிலர் அந்த வண்டிகளை ஓட்டியிருப்பார்கள். ஒரு ஃபியூஸ் விலையில் எவ்வளவு நல்ல சிந்தனை!

நம் ஊர் ஷோரூமில் நான் எதிர்பார்ப்பது அவ்வளவு கூட இல்லை. ஸ்டெப்னியின் மேல் தமிழில் ஒரு ஸ்டிக்கர் போதும்: இந்த வண்டியில் எந்த வகை டிபரன்ஷியல், ஸ்டெப்னியை எந்த அச்சில் மாட்டலாம், எத்தனை கி.மீ. வேகம். பாட்டுப் பெட்டியின் திரை எத்தனை அங்குலம் என்பதை மூன்று முறை சொல்லும் விற்பனையாளரிடம், பின் அச்சில் என்ன டிபரன்ஷியல் என்று கேட்டுப் பாருங்கள். மேனேஜரைத் தேடிப் போவார். கையேட்டிலும் இந்த எச்சரிக்கை எங்கோ ஓர் ஓரத்தில்தான் இருக்கும்.

இதற்கும் கம்ப்யூட்டர் உதவும். கார் கம்பெனியின் இணைய தளத்தில் உங்கள் மாடலுக்கான கையேடு பெரும்பாலும் பி.டி.எப். பைலாகக் கிடைத்திடும். டவுன்லோட் செய்து திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்திடவும். கிடைக்கும் தேடல் கட்டத்தில் டிபரன்ஷியல், ஸ்பேர், டெம்பரரி ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். முந்நூறு பக்கத்தில் உங்களுக்கு வேண்டிய மூன்று பக்கம் சிக்கிவிடும். அவற்றை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கார் டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆகும் இடத்தில் சிக்னல் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

முழு அளவு ஸ்டெப்னி உள்ளவர்கள், ஐந்து சக்கரங்களையும் சுழற்சி முறையில் மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. தேய்மானம் ஐந்திலும் ஒரே அளவாக இருக்கும். 195 சுற்றுக் கணக்கே எழாது. ஸ்டெப்னியை அப்படியே புதிதாகப் பாதுகாத்து வைப்பதைச் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். டயர் ஓடாமலும் வயதாகும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது. நம் வெயிலில் பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னி, ஓடாமலேயே ரப்பர் வெடித்துப் போவதைப் பார்க்கலாம்.

2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தியது. டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், டியூப்லெஸ் டயரும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால், குறிப்பிட்ட எடைக்கு உட்பட்ட கார்களில் ஸ்டெப்னி இல்லாமலே விற்கலாம். டிக்கியில் இடம் மிச்சமாகும், எலக்ட்ரிக் கார்களில் பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பது காரணம். நகரத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆணி குத்திய துளையை கிட் அடைக்கும். ஜல்லிக் கல் பக்கச் சுவரைக் கிழித்தால் எந்தத் திரவமும் அடைக்காது. எல்.எஸ்.டி. வண்டி வாங்குபவர்கள் பெரும்பாலும் ஜல்லிச் சாலையில் போகத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, கூடுதல் பணம் கொடுத்தாவது முழு அளவு ஸ்டெப்னி வாங்கி, அதே ரிம், அதே டயர் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

ஒர்க் ஷீட்டைச் சேவ் செய்து வைத்திருப்பவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டெப்னியின் சுற்றளவை நேரில் அளந்து பாருங்கள். ஓடும் டயர்களை அளக்க, வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, எஞ்சின் அணைந்திருக்கும்போது அளக்கவும். ஐந்து அளவுகளையும் ஐந்து வரிசையில் தேதியோடு டைப் செய்திடவும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு புதிய நெடுவரிசை சேர்த்தால், எந்த டயர் எவ்வளவு தேய்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.